"இன்னிக்கு ஆராதனை சூப்பர் பிரதர்!"

சபையில் பாடல் நடத்துகிறவன் என்பதால் ஆராதனை முடிந்ததும் இந்தப் பாராட்டு அடிக்கடி காதில் விழும். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் எது சூப்பர் என்று கேட்டால் டிரம்ஸ், குரல், கண்ணீர் வந்தது, மெய்சிலிர்த்தது என்று பேச்சு நம்மையே சுற்றி வரும். தேவனைப் பற்றி ஒரு வரி வருவது அபூர்வம்.

உணர்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேதாகமத்தின் 13ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சண்டைக்கு நிற்பதுபோலத் தொடங்குகிறது. ஆறே வசனத்தில் 'என்', 'எனக்கு' எத்தனை தடவை! ஆனால் அதைப் பாடிய தாவீது தன் வேதனையைத் தனக்குள்ளே புலம்பிக்கொண்டிருக்கவில்லை, தேவனிடம் கொண்டுபோகிறார். கடைசியில் தேவன் செய்த நன்மையைப் பாடுகிறார். அதனால், பாட்டில் 'நான்' வந்தாலே சுயம்தான் என்று சிலர் போடும் கணக்கு எனக்கு உடன்பாடில்லை.

திரும்பத் திரும்பப் பாடுவதும் குற்றமல்ல. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" வருகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் வேறொன்று நிற்கிறது: வானங்களை உண்டாக்கினார், சிவந்த சமுத்திரத்தைப் பிளந்தார், நம் தாழ்வில் நம்மை நினைத்தார், எல்லா உயிருக்கும் ஆகாரம் கொடுக்கிறார். பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான். இந்த ஒரு பாட்டை மட்டும் கேட்ட புதியவருக்கு தேவனைப் பற்றி என்ன தெரியவரும்? பாடுகிறவரின் மனநிலை மட்டும்தான் என்றால் ஒதுக்கிவிடுவேன்.

பாடப்படும் பொருளைவிட பாட்டே தன்னை அதிகமாக அசைக்கும்போது அது பாவம் என்று ஆதித் திருச்சபையின் ஆயரான அகஸ்தீன் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே அறிக்கையிட்டார். மைக், ஸ்பீக்கர் எதுவும் இல்லாத காலம் அது! ஆனாலும் சபையில் பாட்டே வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் போகவில்லை.

சரி, மேடைக்கு வருவோம். பாட்டைப் பதிவு செய்தவர் உச்சக் குரலில் பாடியிருப்பார். அதே சுருதியில் நாமும் எடுத்தால் அனுபல்லவிக்குள் சபை வாயை மூடிக்கொண்டு நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அது கச்சேரிதான். இரண்டு மூன்று அரைச் சுரம் இறக்கினால் எல்லாரும் பாடுவார்கள். நடத்துகிறவரின் குரல் அவ்வளவு எடுபடாது, எடுபடவும் வேண்டாம். பாட்டுக்கு நடுவில் "இன்னும் சத்தமா, கைதட்டுங்க" என்று விரட்டுவதைவிட, ஒரு வசனத்தை நிதானமாக வாசித்தாலே போதும்.

அதற்காக, கையை உயர்த்திப் பாடுகிறவர் எல்லாம் தன்னைக் காட்டிக்கொள்கிறார் என்று முத்திரை குத்தக் கூடாது. அமைதியாக நிற்கிறவருக்குள்ளும் சுயம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் 5ஆம் அதிகாரத்தில் "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று தேவன் சொல்கிறார். தாளம் தப்பியதாலா? இல்லை, தரித்திரனை மிதித்துவிட்டுப் பாட வந்ததால். பாடகர் குழுக்களில் நான் பார்க்கும் வடிவம் இதைவிடச் சின்னது: தனிப்பாடல் யாருக்கு என்ற சண்டையில் இரண்டு பேர் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள், ஞாயிறன்று பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடுவார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5ஆம் அதிகாரம். அப்படிப்பட்ட வாரத்தில் ஒத்திகையை ரத்து செய்துவிட்டு, அந்த இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்வேன்.