"முடிஞ்சுபோச்சு" என்று எப்படிச் சொல்வது?

லாரி மோதி உயிர் தப்பிய ஒரு பெண் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். ஹாரன் சத்தம் கேட்டாலே நடுங்குவார். பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்றச் சொல்லி, கண்ணில் படும் ஐந்து பொருள்களைச் சொல்லச் சொல்வேன். மின்விசிறி, காலண்டர், தண்ணீர் பாட்டில்... மூச்சு மெல்லச் சீராகும். "அது முடிஞ்சுபோச்சும்மா, இப்ப நீங்க பத்திரமா இருக்கீங்க" என்பேன். என் தொழிலில் பாதி அந்த வாக்கியத்தை நம்பித்தான் நடக்கிறது.

'ஃபைவ் புரோக்கன் கேமராஸ்' ஆவணப்படத்தில் அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை. இடம், 1967 முதல் இஸ்ரேலிய ஆக்கிரமிப்பில் இருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையின் பில்இன் கிராமம். 2005இல் நான்காவது மகன் ஜிப்ரீல் பிறந்தபோது, அவன் வளர்வதைப் படம்பிடிக்க ஒரு கேமரா வாங்குகிறார் விவசாயி எமாத் புர்னாத். அதே நேரத்தில் இஸ்ரேலின் தடுப்பு வேலி ஊரின் ஆலிவ் நிலங்களைப் பிரித்துக்கொண்டு போகிறது. அதை எதிர்த்து வெள்ளிக்கிழமைதோறும் ஊர்வலம், கண்ணீர்ப்புகை. இரவில் சிறுவர்களைப் பிடித்துப்போக வீடு தேடி வருகிறது ராணுவம். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேமராக்கள் உடைகின்றன. வேலியின் பாதையை மாற்றச் சொல்லி இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2007இல். வேலி நகர்ந்தது 2011இல்.

ஜிப்ரீலின் மழலையிலேயே 'ராணுவம்', 'தோட்டா உறை' என்ற சொற்கள் வந்துவிடுகின்றன. ஊர்க் குழந்தைகள் 'யானை' என்று அழைத்த பாஸெம் அபூ ரஹ்மா, 2009இல் கண்ணீர்ப்புகைக் குண்டு நெஞ்சில் பாய்ந்து இறக்கிறார். பிறகு ஜிப்ரீல் அப்பாவிடம் கேட்கிறான்: அந்தச் சிப்பாய்களை நீங்கள் ஏன் கத்தியால் குத்தவில்லை? அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவனை நோயாளி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவன் பயத்தில் பிழையே இல்லை. ஐந்து பொருள்களைச் சொல்லச் சொன்னால், அதில் ஒன்று ராணுவ ஜீப்பாக இருக்கும்.

பாலஸ்தீன மனநல மருத்துவர் சமா ஜப்ர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான். பி.டி.எஸ்.டி என்பது அதிர்ச்சிக்குப் 'பிந்தைய' பாதிப்பு. அங்கே 'பின்பு' என்ற ஒன்று வரவே இல்லை. அந்த நிலையிலும் தாக்குப்பிடித்து நிற்பதை 'ஸுமூத்' என்கிறார்கள் பாலஸ்தீனர்கள். மண்ணை விட்டு அகலாமல் நிற்பது, விதைப்பது, ஒருவர் துக்கத்தில் ஊரே பங்கெடுப்பது எல்லாம் அதில் அடங்கும். எமாத்தும் குணமாவதற்காகவே படமெடுப்பதாகச் சொல்கிறார். இதைப் பார்த்து 'எவ்வளவு மனவலிமை!' என்று வியக்கத் தோன்றும். கொஞ்சம் நிதானியுங்கள். தைரியசாலி என்று நாம் பெயர் வைத்தவரிடம் 'வலிக்கிறதா' என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை. என் அறையிலேயே இதைப் பார்த்திருக்கிறேன்.

அடிக்கும் கணவனிடமே மாலையில் திரும்பிப் போகவேண்டிய பெண்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடமும் எத்தனையோ முறை "முடிஞ்சுபோச்சும்மா" என்று சொல்லியிருக்கிறேன். அது தவறு. முதல் சந்திப்புப் படிவத்தில் 'எப்போது நடந்தது?' என்று ஒரு வரி உண்டு. இப்போது அதற்குக் கீழே பேனாவால் இன்னொரு வரி எழுதிவைத்திருக்கிறேன்: 'இன்னும் நடக்கிறதா?'