கிளினிக்குக்கு முந்திய கிழமையின் குளிசைகள்

மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கிளினிக் வரும், தைரொயிட்டுச் சுரப்பி தளர்ந்ததால் தைரொக்சின் குளிசை எடுக்கும், ஐம்பது வயதைக் கடந்த தாயொருவரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைச் சில மாதங்களுக்கு முன்னர் இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. அச்சுரப்பியின் ஓமோனான தைரொக்சின் வழமையான எல்லைக்குள் இருந்தது. சுரப்பியைத் தூண்டும் ஓமோனான, ஏறத்தாழ 4 இற்குள் நிற்க வேண்டிய ரி.எஸ்.எச். மட்டும் 32 என்றிருந்தது. "குளிசை ஒழுங்காப் போடுறீங்களா அம்மா?" என்று கேட்டேன். "ஓம் டொக்டர், ஒரு நாளும் விடுறேல்லை" என்றார். அறிக்கை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கும் தைரொயிட்டுச் சுரப்பி ஏறத்தாழ 20 கிராம் நிறையே உடையது. குருதியில் மிகச் சொற்பமாக ஓடும் அயடீனை அதன் கலங்கள் சக்தியைச் செலவிட்டு உள்ளே இழுத்து, ஒரு நொதியத்தின் உதவியுடன் தைரோகுளோபியூலின் என்ற பெரும் புரதத்திலுள்ள தைரோசின் என்ற அமினோ அமில அலகுகளில் பொருத்துகின்றன. அயடீன் ஏறிய அலகுகள் இரண்டிரண்டாக இணையும்போது, நான்கு அயடீன் அணுக்கள் கொண்ட தைரொக்சினும் மூன்று கொண்ட ரி3 உம் உருவாகின்றன. உருவானவை உடனே வெளியேறுவதில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்குப் போதுமான ஓமோனை இச்சுரப்பி நெல்லுக் கோர்க்காலி போலத் தன்னுள் சேர்த்து வைத்திருக்கும்.

அதைத் திறந்துவிடும் கட்டளையே மூளைக்கடியிலுள்ள கபச்சுரப்பி சுரக்கும் ரி.எஸ்.எச். குருதியில் தைரொக்சின் கூடினால் அக்கட்டளை தணியும்; குறைந்தால் உயரும். தைரொக்சின் சிறிது இறங்கினாலே ரி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும் என்பதால்தான் நாங்கள் முதலில் அதைப் பார்க்கிறோம்.

குருதிக்கு வந்த தைரொக்சினில் மிகப் பெரும்பகுதி புரதங்களைப் பற்றிக்கொண்டே சுற்றுகிறது. அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் செல்லும். ஈரல், சிறுநீரகம் முதலியவற்றில் ஓர் அயடீன் அணு கழற்றப்பட்டு அது ரி3 ஆக மாறி, கலக் கருவுக்குள் புகுந்து, எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றுகிறது. இதயத்துடிப்பு, உடற்சூடு, குடலின் அசைவு, கொலஸ்திரோல் கழிவது எல்லாம் இதனால் கூடிக் குறையும். புதிய புரதங்கள் உருவாகியே பலன் தெரிய வேண்டியிருப்பதால் யாவும் மெதுவாகவே நடக்கும்.

இந்த மெதுவில்தான் நோயாளர்கள் ஏமாறுகிறார்கள். காய்ச்சல் குளிசையை விட்டால் அன்று மாலையே தெரியும். தைரொக்சினை ஒரு கிழமை விட்டாலும் ஒன்றும் தெரியாது. "இல்லாமலே நல்லாத்தானே இருக்கிறன்" என்ற முடிவுக்கு அப்போது வந்துவிடுகிறார்கள். சில கிழமைகளின் பின் சோர்வும் மலச்சிக்கலும் வந்து, கச்சான் காற்று அனலாய் வீசும் ஆனி மாதத்திலும் போர்வை தேடும்போது, நிறுத்திய குளிசை நினைவுக்கு வருவதில்லை.

அந்தத் தாயிடம் பின்னர் ஆறுதலாகக் கேட்டபோது, கிளினிக்குக்கு முந்திய ஒரு கிழமை மட்டும் தவறாமல் போட்டதாகச் சொன்னார். அந்தக் கிழமை தைரொக்சினைத் தூக்கி நிறுத்தப் போதுமாயிருந்தது, ரி.எஸ்.எச். சீராவதற்கோ ஆறு கிழமையளவு வேண்டும். மாணவர் பரீட்சைக்கு முதல்நாள் படிப்பதை இதைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை எதையும் நான் கண்டதில்லை.

"நிலாவெளியில உப்பளம், முன்னால கடல், எங்களுக்கென்ன அயடீன் குறைவு?" என்றும் கேட்கிறார்கள். மீனில் அயடீன் உண்டு; ஆனால் உப்பளத்து உப்பில் இயல்பாக இருப்பது மிகக் குறைவு என்பதால்தான் இலங்கையில் 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். அயடீன் போதியளவு கிடைக்கும் இடங்களில் சுரப்பி தளர்வதற்கு முதன்மைக் காரணம் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்குவதாகும். அவ்வாறானவர்கள் உப்பைக் கூட்டினால் இரத்த அழுத்தந்தான் கூடும்.

கருத்தரித்தவர்கள் குளிசையைத் தாமாக நிறுத்தவே கூடாது. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை தாயின் தைரொக்சினையே நம்பியிருப்பதால், பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்; நாள் தள்ளிப்போனவுடனேயே வந்து சொல்ல வேண்டும்.

மூதூர்த் தாய்க்கு நான் குளிசையின் அளவைக் கூட்டவில்லை. விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுத்து, அரை மணித்தியாலமாவது கழித்துத் தேநீர் குடிக்கவும், கல்சியம், இரும்புக் குளிசைகளை நான்கு மணித்தியாலம் தள்ளி எடுக்கவும் சொன்னேன். இரண்டு கிழமையில் இரத்தம் சோதிக்கலாமா என்று கேட்டார். அது வீண்செலவு என்று சொல்லி, கிளினிக் கொப்பியில் ஆறு கிழமை தள்ளித் திகதியை எழுதிக் கொடுத்தேன்.