முறுகிய விதை நாணை ஸ்கேன் எப்படிப் பார்க்கிறது?

நடுராத்திரியில் 13 வயதுப் பையன் எழுந்து, "அம்மா, அடிவயிறு வலிக்குது" என்கிறான். வாந்தியும் எடுக்கிறான். வாயுப்பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்போம். வலி விதைப்பையில் இருந்தால்கூடக் கூச்சத்தில் சொல்லியிருக்க மாட்டான். சில வேளை அவனுக்கே தெரியாது. கருவில் விதை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான். பிறகே கீழே இறங்குகிறது. நரம்புத் தொடர்பு மேலேயே இருப்பதால் வலி வயிற்றில் தெரிகிறது. ஆகவே வயிறு வலிக்கும் பையனின் விதைப்பையையும் பார்த்தே ஆகவேண்டும்.

விதை ஒரு நாணில் தொங்குகிறது. தமனி, சிரை, விந்துக்குழாய் எல்லாம் அதற்குள்தான். சிலருக்குப் பிறவியிலேயே விதை பையோடு சரியாக ஒட்டாமல் மணியின் நாக்கைப் போல ஆடும். அது சுழன்றால் நாண் முறுகுகிறது. மெல்லிய சுவருள்ள சிரை முதலில் நசுங்கும். உள்ளே வந்த ரத்தம் வெளியேற முடியாமல் விதை வீங்கும். பிறகு தமனியும் அடைபடும். 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் விதை பெரும்பாலும் பிழைத்துவிடும். 24 மணி நேரம் தாண்டினால் பிழைப்பது அரிது.

விதைக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பது டாப்ளர் ஸ்கேன். அது அனுப்பும் ஒலி, ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கருவி சிவப்பு, நீல நிறங்களாகக் காட்டுகிறது. மருத்துவர் முதலில் வலியில்லாத பக்கத்தைப் பார்ப்பார். அங்கே ஓட்டம் தெரியும்படி கருவியைச் சரிசெய்து, அதே அமைப்பிலேயே வலிக்கும் பக்கத்துக்கு வருவார். சிறு பிள்ளைகளின் விதை 1 அல்லது 2 மில்லிலிட்டர் அளவுதான். அதில் ஓடும் மெதுவான ரத்தத்தைக் கருவி இரைச்சல் என்று வடிகட்டிவிடக்கூடும். நல்ல பக்கத்தோடு ஒப்பிடாமல் "ஓட்டம் இல்லை" என்று சொல்ல முடியாது.

நிறம் தெரிந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. முறுக்கு அரைகுறையாக இருந்தால் தமனியில் ரத்தம் இன்னும் வந்துகொண்டிருக்கும். என்னைக் கேட்டால், ஸ்கேனில் மிக முக்கியமான இடம் விதையைவிட அதற்கு மேலே உள்ள நாண்தான். தொடை இடுக்கிலிருந்து நாணைப் பின்தொடர்ந்து வந்தால், முறுகிய இடம் நீர்ச்சுழி போலச் சுருண்டு தெரியும். கிருமித்தொற்றால் வந்த வீக்கமென்றால் சுழி இருக்காது. ரத்த ஓட்டமும் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும்.

திடீர் வலி, வாந்தி, மேலேறிக் கல்லாய்க் கெட்டிப்பட்ட விதை என அறிகுறிகள் தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் நேரே அறுவை சிகிச்சைதான். முறுக்கைப் பிரித்து, விதையை வெதுவெதுப்பான ஈரத்துணியில் சுற்றி, கருநீலம் மாறி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பினால் பையோடு சேர்த்துத் தைப்பார்கள். மறுபக்கத்து விதையையும் அப்போதே தைத்துவிடுவார்கள். அந்தப் பிறவி அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும்.