வன்வில்லைக்குக் கண்ணாடி இலக்கம் மட்டும் போதாது

"கண்ணாடி இலக்கத்தைத் தந்தால் கண்ணில் அணியும் தொடுவில்லையை (கொன்டாக்ட் லென்ஸ்) கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தரமாட்டீர்களா?" என்று கேட்கும் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் பலர். மென்மையான தொடுவில்லையான மென்வில்லைக்கே அது போதாது. ஒட்சிசனை ஊடுபுகவிடும் விறைப்பான தொடுவில்லையான வன்வில்லைக்கு அறவே போதாது. மென்வில்லை கண்ணின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். வன்வில்லையோ தன் வடிவத்தை விடாது. தனக்கும் விழிவெண்படலத்துக்கும் (கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளிபுகும் படலம்) இடையிலுள்ள வெளியைக் கண்ணீர் நிரப்ப, கெரட்டோகோனஸ் நோயால் கூம்பிக் கோணலான கண்ணுக்கும் ஒழுங்கான முன்பரப்பு ஒன்று கிடைக்கிறது. அந்தக் கண்ணீரும் ஒரு வில்லையாகவே தொழிற்படுவதால், உள்வளைவின் ஆரையை 0.05 மில்லிமீற்றர் மாற்றினாலே வலுவில் ஏறத்தாழ 0.25 டயொப்டர் வேறுபாடு வந்துவிடும்.

ஆகவே சோதனை வில்லையைக் கண்ணில் வைத்துப் பார்க்காமல் கட்டளை கொடுப்பதை நான் ஏற்பதில்லை. வைத்தவுடன் கண்ணீர் பெருகும் என்பதால் அரைமணி நேரமாவது பொறுத்திருந்து, புளோரசீன் சாயத்தை இட்டு, நீல ஒளியில் பார்க்க வேண்டும். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும். வில்லை படலத்தை நெருங்கிய இடம் கருமையாகத் தெரியும். நடுவில் பச்சைக் குளமும் அதற்குள் காற்றுக்குமிழியும் தெரிந்தால் வளைவு கூடிவிட்டது. அவ்வில்லை அசையாமல் இறுகிக்கொள்ளும். நடுவில் கரும்பொட்டு அழுத்தமாக விழுந்தால் வளைவு போதவில்லை. கூம்பின் உச்சியில் அந்த உராய்வு நாளாந்தம் நிகழ்ந்தால் வடு உண்டாகலாம். போட்டவருக்கோ பார்வை தெளிவாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. கூம்பிய கண்ணில் நாம் தேடுவது, உச்சியை மெல்லத் தொட்டு, மீதிப் பாரத்தைச் சுற்றுப்புறத்தில் தாங்கும் அமைவையே.

"குத்துகிறது" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் விளிம்பே காரணம். விளிம்பு அதிகம் உயர்ந்திருந்தால் இமை அதில் இடறும், சோளகக் காற்றில் மோட்டார் சைக்கிளில் போகிறவரின் கண்ணுக்குள் புழுதியும் புகுந்துவிடும். அதிகம் தாழ்ந்திருந்தால் வில்லையின் கீழுள்ள கண்ணீர் புதுப்பிக்கப்படாது. கண்சிமிட்டும்போது வில்லை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மேலேறி, தானாகவே நடுவுக்கு இறங்கி வர வேண்டும்.

கிணற்று நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எமது சுண்ணக்கல் மண்ணின் நீர் வில்லையில் வெண்படிவை விடும் என்பது சிறிய விடயம். கிணற்று நீராயினும் குழாய் நீராயினும் அதிலிருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிர் பார்வையையே பறிக்கக்கூடும். வன்வில்லையை அதற்குரிய கரைசலால் மட்டுமே கழுவி, அதிலேயே ஊறவைக்க வேண்டும்.

பிள்ளையின் கண்ணாடி இலக்கம், அதிலும் கண்ணின் சீரற்ற வளைவைத் திருத்தும் சிலிண்டர் இலக்கம், அடிக்கடி மாறுகிறது, பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறது என்றால், வில்லையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னர் விழிவெண்படலத்தின் வரைபடத்தை எடுப்பித்துக் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். வன்வில்லை பார்வையைத் திருத்துமே தவிர நோயை நிறுத்தாது. ஏற்கெனவே அணிபவர்கள் மீள்பரிசோதனைக்கு வரும்போது வில்லையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவராமல், குறைந்தது மூன்று நான்கு மணித்தியாலம் அணிந்தபடியே வாருங்கள். அது எங்கே ஒட்டுகிறது, எங்கே உரசுகிறது என்பதை அப்போதுதான் சரியாகக் காண முடியும்.