ஆறுக்கு ஆறு சமமா?

புள்ளியியல் பயிற்சியின் முதல் வாரத்தில் நான் கிரிக்கெட்டைத் தொடுவதில்லை. தொட்டால் வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும். கணக்கு மூலையில் உட்கார்ந்திருக்கும். அதனால் யாருக்கும் ஒட்டும் உறவும் இல்லாத ஆட்டமாக எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. அலபாமா பல்கலைக்கழகத்தில் இரண்டு பயிற்சியாளர்கள். 1958 முதல் 1982 வரை 'கரடி' என்று பட்டப்பெயர் பெற்ற பால் பிரையன்ட். 2007 முதல் 2023 வரை நிக் சேபன். இருவரும் அங்கே ஆளுக்கு ஆறு தேசியப் பட்டம் வென்றவர்கள். யார் பெரியவர்?

சென்ற முறை ஒரு மாணவி பத்தே நிமிடத்தில் விடையோடு வந்தார். பிரையன்ட் 232 வெற்றி, 46 தோல்வி: 83.5 சதவீதம். சேபன் 206 வெற்றி, 29 தோல்வி: 87.7 சதவீதம். "சேபன்தான், சார்."

எக்செல் தாள் துப்புரவாக இருந்தது. பிரையன்டின் 9 சமநிலை ஆட்டங்களை மட்டும் காணவில்லை. சேபனின் கணக்கில் சமநிலையே இல்லாததால் அதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1996 முதல் கூடுதல் நேரம் ஆடி முடிவு கண்டே தீர வேண்டும் என்பது விதி; பிரையன்ட் காலத்தில் சமநிலையோடு வீட்டுக்குப் போகலாம். அந்த ஒன்பதை அரை வெற்றியாகச் சேர்த்தால் அவருடைய சதவீதம் 82.4.

இன்னொன்றும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பருவத்துக்குச் சராசரி வெற்றி: பிரையன்டுக்கு 9.3, சேபனுக்கு 12.1. மலைக்க வைக்கும் இடைவெளி. ஆனால் சராசரித் தோல்வி 1.8, 1.7. ஒருவர் பருவத்துக்குச் சுமார் 11.5 ஆட்டம் ஆடினார், மற்றவர் 13.8. வெற்றி இடைவெளியில் பெரும்பங்கு ஆட்ட அட்டவணை கொடுத்தது.

பட்டங்களுக்கு வருவோம், வில்லங்கம் அங்கேதான். பிரையன்ட் காலத்தில் இறுதிப்போட்டி என்று ஒன்று கிடையாது. செய்தியாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1964இல் பத்து ஆட்டமும் வென்ற அலபாமாவுக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு புத்தாண்டு நாளில் 'பவுல்' எனப்படும் பருவ இறுதிச் சிறப்பு ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பவுலில் அது டெக்சஸிடம் 21-17 எனத் தோற்றது. பட்டம் பட்டமாகவே நின்றது. 1973இலும் அதே கதை: பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பு முடிந்த பின் நாட்டர்டாம் பல்கலைக்கழக அணியிடம் ஒரே புள்ளியில் தோல்வி. அடுத்த ஆண்டிலிருந்து அந்த வாக்கெடுப்பையே பவுல் ஆட்டங்களுக்குப் பின்னால் தள்ளிவைத்தார்கள். மறுபக்கமும் உண்டு. 1966இல் அதுவரை ஆடிய பத்து ஆட்டத்திலும் வென்ற அலபாமாவை விட்டுவிட்டு, ஓர் ஆட்டத்தைச் சமநிலையில் முடித்த நாட்டர்டாமுக்கு வாக்களித்தார்கள்.

சேபனின் 2011ஐப் பாருங்கள். நவம்பரில் சொந்த மைதானத்தில் எல்எஸ்யூவிடம் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 9-6 எனத் தோல்வி. அதே அணியோடு இறுதிப்போட்டி வாய்த்தது. 21-0 என்று வென்று பட்டத்தைக் கொண்டுபோனார். 1964இன் விதி இருந்திருந்தால், அதுவரை தோல்வியே காணாத எல்எஸ்யூவுக்குத்தான் பட்டம் போயிருக்கும்.

ஆள்பலத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1973 வரை, பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்துச் சேர்க்கும் வீரர்களின் எண்ணிக்கைக்குத் தேசிய அளவில் உச்சவரம்பு இல்லை. சேபனுக்கு 85 பேர்தான். பிரையன்டின் முதல் 13 பருவங்களில் களமிறங்கிய அணியில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை என்பது எந்தச் சதவீதத்திலும் தெரியாது.

என்னைக் கேட்டால் நானும் சேபன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அந்த 87.7க்காக அல்ல, 85 பேருக்குள் நின்றுகொண்டு, கூடுதல் ஆட்டங்கள் ஆடியும் தோல்வியை ஏறவிடாததற்காக.

மாணவி தாளைத் திருத்திக்கொண்டு வந்தார். இப்போது சமநிலைக்குக் கட்டம் இருந்தது, பட்டங்களுக்கு எதிரே வாக்கா ஆட்டமா என்றும் குறித்திருந்தார். கூடவே ஒரு சந்தேகம்: சேபனின் வெற்றி ஓரிடத்தில் 206 என்றும் இன்னோரிடத்தில் 201 என்றும் போட்டிருக்கிறதே? 2007ஆம் ஆண்டின் ஐந்து வெற்றிகளை, வீரர்கள் இலவசப் பாடநூல்களை மற்ற மாணவர்களுக்கும் வாங்கிக் கொடுத்த முறைகேட்டுக்காகக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பான என்சிஏஏ பின்னர் நீக்கியது. ஆட்டம் நடந்தது, எதிரணி தோற்றது, ஏட்டில் மட்டும் இல்லை. இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதச் சொன்னேன்.