கையில் போகாவிட்டால் கை பழுது என்று அர்த்தமில்லை

போன கிழமையும் அதே சண்டை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்து ஐயா ஒருவருக்கு மணிக்கட்டு வழியாக அஞ்சியோகிராம் தொடங்கினோம், மெல்லிய வயரையும் குழாயையும் உள்ளே விட்டு இதயத்து இரத்தக்குழாய்களைப் பார்க்கும் பரிசோதனை. முழங்கைக்குக் கிட்ட வயர் நின்றுவிட்டது. தொடை வழியாகச் செய்து முடித்து வெளியே கொண்டுவந்தபோது, மகள் கைக்கட்டையும் தொடைக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு எடத்துல பழகிட்டு இன்னொரு எடத்துல செஞ்சீங்களா மிஸ்? தோட்டத்து ஆளுங்கன்னா இப்படித்தானே?"

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் லயத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் இந்த விஷயத்தில் அது தப்பு.

முகம் மாதிரித்தான் நாடியும், அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாயும், ஆளுக்கு ஆள் மாறும். பாடப்புத்தகத்தில் மேற்கையில் ஓடும் புயநாடி முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே பெருவிரல் பக்கத்து ஆரை நாடி, சின்னவிரல் பக்கத்து அரந்தி நாடி என இரண்டாகப் பிரியும். மணிக்கட்டில் நாங்கள் நுழைவது ஆரை நாடிக்குள். 100 பேரில் சுமார் 7 பேருக்கு ஆரை நாடி மேற்கையிலேயே, சிலருக்கு அக்குளுக்குக் கிட்டவே பிரிந்துவிடுகிறது. அது பெரும்பாலும் ஒல்லியாக இருக்கும், குழாயைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இன்னும் சிலருக்கு வளையம். பதுளைக்கு இறங்கும் ரயில் தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டி, முழுச் சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் போகுமே, அச்சு அசல் அப்படி. அந்த ஐயாவுக்கும் அதுதான். தள்ளினால் வயர் பக்கத்துச் சின்னக் கிளைக்குள் போய்க் கிழித்துவிடும். நிறுத்துகிறவர்தான் நல்ல டொக்டர்.

இது அடைப்பு கிடையாது. வயதாகி வந்ததும் கிடையாது. பிறக்கும்போதே இருந்தது. அதே கையால்தான் அவர் நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டினார், ஒரு குறையும் வரவில்லை. "கைநாடியைத் தொட்டால் கொழுந்து பறிக்க முடியாது" என்று யார்தான் கிளப்பிவிடுகிறார்களோ! விரல்களுக்கு இரத்தம் கொடுக்க அரந்தி நாடியும் இருக்கிறது. 1989 இல் மொன்ட்ரியல் டொக்டர் காம்போ மணிக்கட்டு வழியைக் காட்டியதற்குப் பிறகு உலகமெங்கும் பெரும்பாலும் மணிக்கட்டில்தான் தொடங்குகிறார்கள். இரத்தக்கசிவு குறைவு, சீக்கிரம் எழும்பி நடக்கலாம்.

மருந்து ஏற்றக் கையில் கனூலா ஊசி போடும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. சிலருக்கு முழங்கை மடிப்பில் தோலுக்கு அடியிலேயே நாடி ஓடும். பார்க்க, மருந்து ஏற்றும் நாளம் மாதிரியே இருக்கும். விரல் வைத்துத் துடிக்கிறதா என்று பாருங்கள். மருந்து நாடிக்குள் போனால் விரல்களே போகலாம்.

அப்புறம், வருகிறவர்களுக்கு. கை, தொடை இரண்டையும் சுத்தம் செய்யச் சொன்னால் செய்யுங்கள். சம்மதப் பத்திரத்தில் இரண்டு வழியும் இருக்கும், கேட்டு விளங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். குளிரிலும் பயத்திலும் நாடி சுருங்கும், கையைப் போர்வைக்குள் சூடாக வைத்திருங்கள். குழாய் போகும்போது வலித்தால் உடனே சொல்லுங்கள். நம்முடைய அம்மாமார் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள், தயவுசெய்து வேண்டாம். அந்த வலியை வைத்துத்தான் எங்களுக்கு வழி விளங்கும். வீட்டுக்குப் போன பிறகு முன்கை கல்லாக வீங்கினால், விரல் மரத்தால், நிறம் மாறினால், எண்ணெய் போட்டு உருவாதீர்கள். இரவானாலும் வண்டி பிடித்து வாருங்கள்.

கையில் போகவில்லை என்றால், ஏன் என்று கார்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அடுத்த தடவை நேரே வேறு வழிக்குப் போகலாம். அந்த மகளுக்குத் திரையில் வளையத்தைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு "வலது கை நாடியில் வளையம்" என்று டொக்டர் எழுதிய கார்டை மடித்து, அப்பாவின் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.