லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால்

காரைக்குடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லீவு விட்டதும் வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, இதுல கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாத்திப் பெருசா போட முடியுமா?" என்றுதான். திரையில் ஓடும் கேம், படம் எல்லாவற்றையும் வரைந்து காட்டுகிற பாகம் அது. கிட்டத்தட்ட எல்லா லேப்டாப்புக்கும் என் பதில் ஒன்றுதான். முடியாது தம்பி.

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி மகனுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். வெளியூரில் ஒருவர் பெரிய கார்டு போட்டுவிட்டதாகச் சொல்லி 14,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். மூன்றே வாரத்தில் திரையில் கோடு கோடாக விழுந்து, அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. ஆச்சி கண் முன்னாலேயே பின்மூடியைக் கழற்றினேன். விசிறியையும் செம்புக் குழாயையும் எடுத்துத் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்தால், கிராபிக்ஸ் சிப்பும் அதைச் சுற்றியுள்ள மெமரிச் சிப்புகளும் மதர்போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருந்தன. சிப் மேல் இருந்த எண், லேப்டாப் வாங்கிய பில்லில் உள்ள அதே மாடலுடையது. ஓரத்தில், சால்டர் செய்யும்போது பூசும் ஃப்ளக்ஸ் காய்ந்து மஞ்சளாகப் படிந்திருந்தது. பக்கத்து பிளாஸ்டிக் கனெக்டர் இளகி நெளிந்திருந்தது. சூடு காட்டியிருக்கிறார்கள், எதையும் மாற்றவில்லை. "கார்டு எங்கப்பா?" என்று ஆச்சி கேட்டார். கார்டு என்று தனியாக ஒன்று அதில் கிடையவே கிடையாது.

டெஸ்க்டாப்பில் ஸ்லாட் இருக்கும், ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிக் கார்டை உருவிவிடலாம். லேப்டாப் சிப்பின் அடியில் நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகள். அதற்கான மெஷின் வைத்திருப்பவர்கள் பழுதான சிப்பை எடுத்துவிட்டு அதே சிப்பைப் போடுவார்கள், அது ரிப்பேர். பெரிய சிப்புக்குக் கால்கள் வேறு, கரன்ட் தேவை வேறு, அதன் சூட்டை அந்தச் சின்ன விசிறி தாங்காது, லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பயாஸ் புரோகிராமும் ஏற்காது.

விதிவிலக்கு உண்டு. 2004-இல் கிராபிக்ஸ் சிப் கம்பெனியான என்விடியா கொண்டுவந்த எம்எக்ஸ்எம் என்ற கழற்றக்கூடிய கார்டு, சில பழைய கேமிங் லேப்டாப்புகளிலும் டெல், எச்பி ஒர்க்ஸ்டேஷன்களிலும் இருந்தது. இப்போது ஃபிரேம்வொர்க் என்ற கம்பெனியின் 16 அங்குல லேப்டாப்பில் கிராபிக்ஸ் மாட்யூலை நாமே மாற்றலாம். என் மேஜைக்கு அது இதுவரை வந்ததில்லை.

வெளியே பெட்டியில் டெஸ்க்டாப் கார்டை வைத்து இணைக்கும் வழியும் இருக்கிறது. அதற்குப் பொதுவாகத் தண்டர்போல்ட் 3 அல்லது 4 என்ற அதிவேக போர்ட் வேண்டும்; டைப்-சி வடிவத்தில் ஓட்டை இருந்தால் மட்டும் போதாது. பெட்டி, பவர் சப்ளை, கார்டு எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். யுஎஸ்பியில் செருகும் சின்ன எச்டிஎம்ஐ அடாப்டரை 'வெளி கிராபிக்ஸ் கார்டு' என்று விற்றால் வாங்காதீர்கள். இன்னொரு மானிட்டர் மாட்டத்தான் அது உதவும்.

பலருக்குக் கார்டே பிரச்சினையாக இருப்பதில்லை. கானாடுகாத்தான் வீடு ஒன்றை முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று முப்பரிமாணத்தில் வரைந்துகொண்டிருந்த ஆர்க்கிடெக்சர் மாணவி ஒருவர் வந்தார். தரைக்கு ஆத்தங்குடிக் கல்லைப் போட்டோ எடுத்து ஒட்டியிருந்தார், அழகான வேலை. ஆனால் மவுஸை நகர்த்தினாலே படம் நின்று நின்று திரும்பியது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்தோம். ப்ராசஸரோடு வரும் கிராபிக்ஸ் சிப்பான ஜிபியு 0 நூறு சதவீதத்தில் திணறுகிறது; என்விடியாவின் தனிச் சிப்பான ஜிபியு 1 பூஜ்யத்தில் தூங்குகிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய் அந்த சாஃப்ட்வேருக்கு 'ஹை பெர்ஃபாமன்ஸ்' கொடுத்து, சார்ஜரையும் செருகினோம். விசிறியில் அடைத்திருந்த தூசியை எடுத்தேன். வளவைச் சுற்றிப் படம் தடையில்லாமல் திரும்பியது. புது லேப்டாப்புக்காக அவர் அப்பா நகையை அடகு வைக்க இருந்தாராம்.

தனி கிராபிக்ஸ் சிப்பே இல்லாத லேப்டாப் என்றால் ரேமைப் பாருங்கள். அந்த மாதிரி லேப்டாப்பில் படத்துக்கான மெமரியும் ரேமிலிருந்துதான் போகிறது. 8 ஜிபி ஒற்றை ரேம் இருந்து, இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், ஜோடியாகப் போடுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சில மெல்லிய மாடல்களில் ரேமும் சால்டர்தான், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எந்தக் கடையில் கொடுத்தாலும், கழற்றும்போது பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லுங்கள். மாற்றியதாகச் சொன்னால் பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள்.

ஆச்சி கொண்டுவந்த போர்டு பிழைக்கவில்லை. எஸ்எஸ்டியைத் தனியாகக் கழற்றி, மகனுடைய ப்ராஜெக்ட் கோப்புகளை முழுசாக வேறு டிரைவில் எடுத்துக் கொடுத்தேன்.